பூஜைக்கு வைத்த பூட்டுகள்

ஏழாம் விதி இது: “சுவிட்ச்போர்டில் கை வைக்கும் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பூட்டைத் திறக்கக் கூடாது. பெர்மிட் புத்தகத்தில் எழுதாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.” ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவிட்ச் அறைச் சுவரில் மாட்டியவன் நான். இரண்டு மொழியிலும் பிழை கிடையாது. அந்தச் சட்டத்துக்கு நேர் கீழேதான் வருடந்தோறும் சரஸ்வதி படத்தை வைப்போம். பெஞ்சு போட அங்கேதான் இடம் இருந்தது.

கேரள எல்லையில், காரோடு என்ற ஊருக்குத் தெற்கே கருமணலைப் பிரிக்கும் ஆலை அது. கழுவி, உலர்த்தி, காந்தத்தில் ஓட்டி, கறுப்பை வேறாகவும் சிவப்பை வேறாகவும் மூட்டை கட்டி அனுப்புவார்கள். ஆலை முழுவதற்கும் கரண்ட் பிரிந்து போவது ஒரே ஒரு சுவிட்ச்போர்டிலிருந்து. இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தியது போல ஒரு சுவர் நீளத்துக்கு நிற்கும். முன்பக்கம் கைப்பிடிகள், விளக்குகள். பின்பக்கம் மூடியைக் கழற்றினால் கணுக்கை கனத்துக்கு அலுமினியப் பட்டைகள். கடல் காற்று அதன் திருகுகளை அரிக்கும். காந்தம் இருக்கும் இடமெல்லாம் கருமணல் தூசி தேடிப் போய் ஒட்டிக்கொண்டு ரீங்காரம் இடும். மாதத்துக்கு ஒரு முறையாவது அதற்குள் யாராவது கை விட்டாக வேண்டும்.

போர்டு இரண்டு பாதி. இடது பாதிக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், வலது பாதிக்கு இன்னொன்று. நடுவில் கப்ளர் என்று ஒரு சுவிட்ச். ஒரு டிரான்ஸ்பார்மர் படுத்துவிட்டால் கப்ளரை அடித்து, மற்றதிலிருந்து இரண்டு பாதிக்கும் கரண்ட் கொடுக்கலாம். ஆகவே வலது பாதியை அணைத்துவிட்டால் மட்டும் அது செத்துவிட்டது என்று நம்பக் கூடாது. கப்ளரையும் திறந்து, அதாவது இணைப்பைப் பிரித்து, பூட்ட வேண்டும். இதுவும் சட்டத்துக்குள் இருந்தது, எட்டாவதாக.

பெர்மிட் எழுதித் தரும் அதிகாரம் எனக்கு. மின் பிரிவு மேற்பார்வையாளர் என்று என் மேசையில் ஒரு பலகை உண்டு. போர்டுக்குள் கை விடும் வேலை ஒரு வயர்மேனுக்கு. கடலோரத்து லத்தீன் கத்தோலிக்கக் குடும்பம். அப்பனும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். தண்ணீரைக் கண்டால் தலை சுற்றுகிறது என்று சொல்லி, தனுவச்சபுரத்தில் படித்து, வயர்மேன் லைசென்ஸ் எடுத்து வந்தவன். முப்பத்து நாலு வயது. நான் பார்த்தவர்களில் நல்ல கை அது. இப்போது அதைச் சொல்வதில் செலவு ஒன்றும் இல்லை.

1994இல் நவராத்திரி சமயம் சரக்குக்கு அவசரம். ஆலையை நிறுத்த முடியாது என்றார் மானேஜர். பூஜையை நிறுத்த முடியாது என்றார்கள் ஆட்கள். இரண்டையும் நிறுத்தவில்லை. அட்டமி சாயங்காலம் புத்தகங்களையும் ஆயுதங்களையும் பூஜைக்கு வைத்து, தசமி காலையில் எடுப்பது இங்கே வழக்கம். இடையில் அவற்றைத் தொடக் கூடாது; எழுத்தும் வாசிப்பும் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏற்ற வழக்கம். நாங்கள் வைத்தவை: பெர்மிட் புத்தகம், ஷிப்ட் புத்தகம், பிளையர், டெஸ்டர், ஏழு பூட்டுகள் சாவியோடு, பட்டைகளைப் பூமியோடு இணைக்கும் செம்புக் கம்பி. கம்பிக்குச் சந்தனம் வைத்தோம்.

அலங்காரத்துக்குப் பொறுப்பு போர்டு ஆப்பரேட்டர்களில் ஒருவர். செங்கல் என்ற ஊர்க்காரர், செங்கல்காரர் என்றே கூப்பிடுவோம்; மாதம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். வயர்மேன் அவருக்குப் பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டே வாயையும் கொடுத்தான்.

“அண்ணே, பூட்டையும் வைக்கணுமா? பூட்டுக்குப் படிப்பு எதுக்காக்கும்?”

“எலே, அது ஆயுதமாக்கும். ஆயுதத்தை வைக்காம இருக்கப்பிடாது.”

“ஆயுதம் எண்ணா எனக்க அப்பனுக்க வலையை அல்லவா கொண்டு வரணும்? நாத்தம் தாங்குவியளா?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பெர்மிட் புத்தகம் எந்நேரமும் என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது மூன்றாம் விதி. நான் பக்திமான் அல்ல. ஆனால் இரண்டு நாள் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நானே புத்தகத்தைத் துடைத்து, பெஞ்சில் வைத்தேன்.

நவமி அன்று காலை ஒன்பதரைக்கு அவன் என் அறைக்கு வந்தான்.

“சாரே, டிரையருக்க புளோயர் நின்னு போச்சு. போர்டுக்குப் பின்னால பட்டையில இருந்து எறங்குத கால் உருகிக் கெடக்கு. வலது பாதி முழுக்க ஆஃப் பண்ணணும். ஒரு பெர்மிட் தாங்க.”

“புத்தகம் பூஜையில இருக்குல்லா மக்கா.”

“அப்ப ஒரு துண்டுக் கடலாசுல எழுதித் தாங்க.”

“கடலாசுல எழுதினா அது பெர்மிட் இல்ல. நாளைக்குக் காலையில எடுப்பு. அது கழிஞ்சு பாக்கலாம்.”

“மானேஜர் சம்மதிப்பாரா?”

“நான் சொல்லிக்கிடுதேன்.”

சொன்னேன். மானேஜரைப் போனில் கூப்பிட்டு, டிரையர் நாளைக் காலைதான் ஓடும் என்றேன். அவர் வாதாடவில்லை. “சரி” என்றார். இருபது வருடம் மானேஜர்களோடு வேலை செய்தவனுக்கு அந்தச் சரியின் பொருள் தெரியும். உன்னிடம் பேசிப் பயனில்லை, நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். அந்த வேறு ஆள் யார் என்று யோசிக்க ஆலையில் நிறைய ஆட்களும் இல்லை.

பதினொன்றரைக்கு மானேஜர் கேண்டீன் வாசலில் வயர்மேனைப் பிடித்தார். லாரிகள் கேட்டில் நிற்கின்றன, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா, உனக்கென்ன அந்தப் பூஜை, நீ வேற ஜாதி ஆளில்லையா என்று கேட்டார். கடைசியில் சொன்னது அவனைத் தொட்டிருக்கும். கம்பெனிப் பிளையர் சரஸ்வதி முன்னால் இருந்ததால் வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் பிளையரை எடுத்துக்கொண்டான். மாற்ற வேண்டிய துண்டை வெட்டித் தயார் செய்து, ஒன்றரை மணிக்கு வலது பாதியை அணைத்தான். கப்ளர் திறந்திருப்பதைப் பார்த்தான். பூட்ட வேண்டிய பூட்டு அவன் நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில், குங்குமத்தோடு, செம்பருத்திப் பூவுக்கு அடியில் இருந்தது. எட்டி எடுத்திருக்கலாம். மற்றவர்களின் பூஜையில் கை வைத்தான் என்ற பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டான். இதைப் பிறகு அவனே என்னிடம் சொன்னான். பூட்டுக்குப் பதிலாகக் காலை ஷிப்ட்காரரிடம் வாயால் சொன்னான்: “அண்ணே, கப்ளரைத் தொடாதிய, நான் பின்னால இருக்கேன்.” அவர் தலையாட்டினார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட்காரர் பஸ்ஸைப் பிடிக்கப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டார். அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியதை எழுதி வைக்கும் ஷிப்ட் புத்தகம் பூஜையில் இருந்தது. செங்கல்காரர் கோயிலிலிருந்து நேராக வந்து, நெற்றியில் சந்தனத்தோடு, போர்டுக்கு முன்னால் நின்றார். வலது பாதி விளக்குகள் அணைந்திருந்தன. மானேஜரின் போன் அடித்தது. பெல்ட் ஏன் நிற்கிறது, டிரையரைத்தானே சரி செய்யச் சொன்னேன், மற்றதெல்லாம் ஏன் நிற்கிறது என்று கத்தினார்.

செங்கல்காரர் ஒழுங்கான மனிதர். விதிப்படி, கப்ளரை அடிப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

“சாரே, வலது பாதி செத்துக் கெடக்கு. டிரான்ஸ்பார்மர் டிரிப் ஆனது போல இருக்கு. மானேஜர் போன்ல கெடந்து சாடுதாரு. கப்ளரை அடிக்கட்டா? பெர்மிட் வல்லதும் உண்டா?”

“பெர்மிட் ஒண்ணும் இல்ல.”

“செரி சாரே.”

அது உண்மை. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை யாரும் பொய் என்று காட்ட முடியாது. காலையில் அவன் சொன்ன ‘வலது பாதி’ என் காதில்தான் இருந்தது. மானேஜரின் ‘சரி’யும் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்ற பழக்கம் அவை இரண்டையும்விடப் பழையது. என் முன்னால் வாழையிலையில் பாயசம் இருந்தது. வழிந்துவிடாமல் விரலால் தடுத்துக்கொண்டுதான் பேசினேன்.

சத்தம் என் அறைவரை வந்தது. கல் குவாரியில் வெடி வைப்பது போல இருந்தது, ஆனால் எதிரொலி இல்லை. நான் போனபோது சுவிட்ச் அறையில் புகை. போர்டின் பின்பக்கம் அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கையை மடியில் வைத்திருந்தான். அது கை என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அது இருந்த இடம் மட்டுமே. முகத்தின் வலது பாதியில் உருகிய உலோகம் பொட்டுப் பொட்டாகப் பதிந்திருந்தது. நினைவோடுதான் இருந்தான். என்னைப் பார்த்து, “சாரே, யாராக்கும் அடிச்சது?” என்று கேட்டான். முன்பக்கத்தில் செங்கல்காரர் கப்ளர் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனார்கள். நான் போகவில்லை. விபத்து நடந்தால் இடத்தை விட்டு நகராமல் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜை எடுக்காமல் விட முடியாது என்பதால் எடுத்தோம். எடுத்ததும் முதல் வேலையாக மங்கலமாக ஏதாவது எழுத வேண்டும் என்பது வழக்கம். பெர்மிட் புத்தகத்தைத் திறந்து எழுதினேன்: “சுவிட்ச்போர்டின் பின்புறம் கரி சுரண்டிச் சுத்தம் செய்தல். வலது பாதியும் கப்ளரும் பூட்டப்பட்டன.” அந்த வருடத்தில் என் கையெழுத்து மிக அழகாக விழுந்த பக்கம் அது. பூட்டில் குங்குமம் இருந்ததால் சாவி துவாரம் கொஞ்சம் இறுகியது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். என்னிடம் இரண்டே கேள்வி. அன்றைக்கு அந்த வேலைக்குப் பெர்மிட் வழங்கப்பட்டதா? இல்லை. அப்படியானால் வேலை அனுமதியில்லாமல் நடந்தது, அல்லவா? ஆம். அவன் பெர்மிட் கேட்டானா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது விசாரணையில் தவறு என்று எனக்குத் தெரியும். புத்தகம் அன்று எங்கே இருந்தது என்றும் அவர் கேட்கவில்லை. மானேஜர் தன் பங்குக்கு, டிரையரின் நிலைமையைத்தான் விசாரித்தேன், வேலை செய்யச் சொல்லவில்லை என்றார். தட்டச்சு செய்து கொண்டுவந்த என் வாக்குமூலத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, கீழே கையெழுத்துப் போட்டேன்.

முடிவு: தொழிலாளியின் கவனக்குறைவு. வயர்மேன் லைசென்ஸ் மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைப்பு. லைசென்ஸ் இல்லாதவனுக்கு மின் பிரிவில் இடமில்லை என்று ஆலையும் கைகழுவியது.

ஐந்து மாதம் கழிந்து அவன் மனைவியோடு பாறசாலையில் என் வீட்டுக்கு வந்தான். வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்ததும் மிச்சம். வலது கண் மூடியே இருந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“சாரே, நான் பெர்மிட் கேட்டேன் எண்ணு ஒரு வரி எழுதித் தந்தா மதி, அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம். அது இருந்தா லைசென்ஸ் திரும்பக் கிட்டும். லைசென்ஸ் இருந்தா ஸ்டோர்லயாவது இருத்துவினும். இந்தக் கையை வச்சு வலை வலிக்க ஒக்காது.”

நான் அவனுக்கு நடைமுறையை விளக்கினேன். விசாரணையில் பதிவான வாக்குமூலத்தைச் சாட்சி தானாக மாற்ற முடியாது. மறுபரிசீலனை மனு கொடுக்க வேண்டும். அது உரிய வழியில் போக வேண்டும். அவர்கள் என்னிடம் விளக்கம் கேட்டால் அப்போது நான் சொல்லலாம். எல்லாம் சரியான தகவல். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதுவரை பேசாமல் நின்ற அவன் மனைவி கேட்டாள்: “சாருக்கு எழுத்து மறந்து போச்சோ? பூஜை தீந்து அஞ்சு மாசம் ஆச்சே.”

“எடி, மிண்டாதே,” என்றான் அவன்.

“நான் எதுக்கு மிண்டாம இருக்கணும்? உங்களுக்குப் போனது கையாக்கும். சாருக்கு ஒரு வரி.”

மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. அடுத்த இரண்டு வருடத்தில் நாலு மனு எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறந்தது. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் பஸ்ஸில் கொண்டு போவான். முதல் மனு திரும்பி வந்தது: மனுதாரரின் கையெழுத்து லைசென்ஸில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. இடது கையால் போட்டது எப்படி ஒத்துப்போகும்? வலது கை செயல்படாது என்று மருத்துவச் சான்று வைக்கச் சொன்னேன். இரண்டாவதும் திரும்பியது: சான்றில் கை என்றிருக்கிறது, எந்தக் கை என்று இல்லை. கவுண்டரில் கையை எடுத்துக் காட்டினானாம். கையைக் கோப்பில் சேர்க்க முடியாது என்றாராம் கிளார்க். அவன் இதைச் சொல்லிச் சிரித்தான். நானும் கிளார்க்கின் கட்சிதான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது மனுவை ஆலை வழியாக அனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள். நாலாவதை ஆலை வாங்க மறுத்தது. அவன் இப்போது ஆலையின் ஆள் இல்லையே. இந்தச் சுற்று எங்கே முடியும் என்று முதல் மனுவை எழுதும்போதே எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட சுற்றுகளில்தான் என் வேலைக்காலம் கழிந்தது.

1997 மே மாதம் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். ஒரு விபத்தும் என் பெயரில் இல்லை என்று மானேஜர் பேசினார். அதுவும் ஆவணப்படி உண்மை. ஓய்வுப் பணத்துக்கான தாள்கள் எல்லாம் கையெழுத்தாகி முடிந்த பிறகு, இனி யாரும் என்னைத் தொட முடியாது என்று உறுதியான பிறகு, உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். “மகாநவமியன்று காலை ஒன்பதரை மணிக்கு அவர் என்னிடம் பெர்மிட் கேட்டார். நான் மறுத்தேன்.” புத்தகமும் பூட்டுகளும் என் சம்மதத்தோடு பூஜையில் இருந்தன என்றும், மானேஜருக்குப் போனில் சொன்னேன் என்றும் சேர்த்தேன். மானேஜர் கேண்டீன் வாசலில் சொன்னதை எழுதவில்லை. நான் காதால் கேட்காததை எழுதுவது சாட்சிக்கு அழகல்ல. பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினேன். நகலை அவனிடம் கொடுத்தேன்.

அவன் அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தான். “சாரே, மதி. இது மதி,” என்றான். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான். மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று அப்போதே கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறை காரோட்டிலிருந்து வந்து கேட்டருகில் நின்று, “சாரே, வல்லதும் வந்தோ?” என்று கேட்பான். நினைவூட்டல் எழுதுவேன். கோப்பு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கார்டு வரும். அந்தக் கார்டையும் நகலெடுத்து வைத்துக்கொண்டான். அவனுடைய பிளாஸ்டிக் கவர் தடித்துக்கொண்டே போனது. ஸ்டோரில் ஒரு வேலை காலியாக இருக்கிறது, லைசென்ஸ் வந்தால் பார்க்கலாம் என்று ஆலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பி மூத்த மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தான்.

பதில் வந்த அன்று தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். கோயிலிலிருந்து நேராக வந்திருந்தான். நெற்றியில் சாம்பல் சிலுவை. தபால்காரர் அவன் இருக்கும்போதே வந்தார். நீளமான பழுப்புக் கவர். பிரித்தேன். மலையாளத்தில் ஒரு பக்கம், கோப்பு எண் எல்லாம் சரியாக இருந்தது. அவன் கண்ணாடி கொண்டு வரவில்லை. என்னையே வாசிக்கச் சொன்னான்.

“ஓய்வு பெற்ற மேற்பார்வையாளரின் வாக்குமூலம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது,” என்று வாசித்தேன். “தொழிலாளி பெர்மிட் கேட்டார் என்பது இதன் மூலம் உறுதியாகிறது.”

“கேட்டேன் எண்ணு ஒத்துக்கிட்டாங்க, இல்லையா சாரே?”

“ஒத்துக்கிட்டாங்க.”

“பின்ன?”

அடுத்த வாக்கியத்தை நான் கண்ணால் வாசித்துவிட்டேன். நானே எழுதியிருந்தால் இதைவிடத் திருத்தமாக எழுதியிருக்க முடியாது. கேட்டதும் மறுக்கப்பட்டதும் ஒருசேர உறுதியாவதால், அனுமதி இல்லை என்பதைத் தெளிவாக அறிந்த பின்னரே அவர் வேலையில் இறங்கியிருக்கிறார். ஆகவே முந்தைய முடிவில் உள்ள ‘கவனக்குறைவு’ என்பது நீக்கப்பட்டு, ‘தெரிந்தே செய்த விதிமீறல்’ என்று திருத்தப்படுகிறது. நிறுத்திவைக்கப்பட்ட லைசென்ஸ் நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது. இது இறுதி உத்தரவு.

“பின்ன என்ன சாரே? வாசியுங்க.”

வாசித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. அவன் கடைசிவரை கேட்டான். கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் கவரிலிருந்து என் வரியின் நகலை எடுத்து, மடிப்புகளை இரண்டு விரலால் நீவி, என் மேசையில் வைத்தான்.

“இது இல்லாம இருந்தா நான் கவனமில்லாதவன்,” என்றான். “அது மதியாயிருந்தது சாரே.”

அவன் கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். நான் பேனாவை எடுத்து, எந்தத் தாள் வந்தாலும் செய்வது போல, கடிதத்தின் மேல் ஓரத்தில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: 17-2-1999.